கலையின் பேரால் ஏலக் கூத்து

2024ம் வருஷம் நவம்பர் மாதம் 20ந் தேதி அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்தில் சோத்பீஸ் என்னும் ஏலக் கம்பெனியார் ஒரு வாழைப்பழத்தை 62 லட்சம் டாலருக்கு ஏலத்தில் விற்றார்கள். அன்றைய நாணய மாற்றுப்படி இது நம் பணத்தில் சுமார் 52 கோடி ரூபாய் ஆகும். விற்றது வாழைத்தார் அல்ல, சீப்பும் அல்ல, ஒற்றைப் பழம். அதைச் சுவரில் ஒட்டி நிறுத்துவதற்கு ஒரு துண்டு ஒட்டு நாடா. இவ்வளவுதான் சரக்கு. இதற்குக் “கோமாளி” என்று பொருள்படும்படியான ஒரு பெயரும் இட்டிருக்கிறார்கள். செய்தவர் மவுரிசியோ கட்டலான் என்னும் இத்தாலிய தேசத்துக் கலைஞர். ஏலம் எடுத்தவர் ஜஸ்டின் சன் என்னும் கிரிப்டோ நாணய முதலாளி. இவர் ஏலம் எடுத்த ஒன்பதாம் நாள் ஹாங்காங் நகரத்தில் பத்திரிகைக்காரர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, அவர்கள் கண் முன்னாலேயே அந்தப் பழத்தை உரித்துத் தின்றுவிட்டார். மற்றப் பழங்களைவிட ருசியாய் இருக்கிறதென்றும் சொன்னார்.

இதைப் படித்ததும் வாசகர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகிற சங்கதியாய் மாத்திரம் இது இருக்குமானால் நாம் இதற்காகப் பேனா பிடிக்க வேண்டியதில்லை. 62 லட்சம் டாலரைக் கொட்டிக் கொடுத்த மனிதர் பைத்தியக்காரர் அல்ல. அவருக்கு விற்ற கம்பெனியாரும் பைத்தியக்காரர்கள் அல்ல. புத்திசாலிகள் நாலு பேர் கூடி ஒரு பைத்தியக்காரத்தனத்தைச் செய்கின்றார்கள் என்றால் அதில் யாருக்கோ லாபம் இருக்கின்றது என்பதும், அந்த லாபத்துக்கு வேறு யாரோ அழுகின்றார்கள் என்பதும் நமது துணிபு.

முதலாவது, அவர் வாங்கினது எது? பழமா? பழமென்றால் தின்றவுடனே போய்விட்டதே! அவர் வாங்கினது ஒரு சர்ட்டிபிகேட்டு. “இது இன்னாருடைய கலை” என்று எழுதிக் கொடுத்த ஒரு காகிதம். அதோடுகூட, பழத்தைத் தரையிலிருந்து 175 சென்டிமீட்டர் உயரத்தில் ஒட்ட வேண்டும், அழுகிப் போனால் வேறொன்றை மாற்றிக் கொள்ள வேண்டும் என்கின்ற விதிமுறைகள். 2019ம் வருஷம் டிசம்பரில் மியாமி நகரத்துக் கலைச் சந்தையில் இதை முதன் முதலாக ஒட்டி வைத்திருந்தபோது வேறொரு கலைஞர் வந்து பிய்த்துத் தின்றுவிட்டார். சந்தைக்காரர்கள் கலங்கவேயில்லை. இன்னொரு பழத்தை எடுத்து ஒட்டிவிட்டு, “பழம் போனாலும் கலை போகவில்லை” என்று சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட சர்ட்டிபிகேட்டுகளை அப்போது ஒன்று 1,20,000 டாலருக்கும் அதற்கு மேலுமாக விற்றார்கள். அதே சரக்கு ஐந்து வருஷத்திற்குள் ஐம்பது மடங்கு ஏறிவிட்டது. பழம் மாறியது, நாடா மாறியது. மாறாதது காகிதமும், அந்தக் காகிதத்தை நம்புகின்ற கூட்டமுந்தான்.

இந்த வித்தை நம் ஜனங்களுக்குப் புதிதல்ல. தெருவில் கிடந்த கல்லுக்கு மந்திரம் சொல்லிக் கண் திறந்துவிட்டால் மறுநாள் முதல் அது தெரு கல் அல்ல என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வருகின்றவர்கள் நாம். அதே 2024ம் வருஷத்தில் நமது விழுப்புரம் ஜில்லாவில் ஒரு கோயில் திருவிழாவில் வேலிலே செருகியிருந்த ஒன்பது எலுமிச்சம்பழங்களை ஏலம் போட்டு 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய் வசூலித்தார்கள். பிள்ளை வரம் வேண்டிப் பாமர ஜனங்கள் எடுத்தார்கள். படித்தவர்கள் அதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, “ஐயோ, என்ன மூடத்தனம்!” என்று கேலி செய்தார்கள். நாமும் அதை மூடத்தனமென்றுதான் சொல்லுகின்றோம். ஆனால் அதே படித்த கனவான்கள் வாழைப்பழத்தைக் கண்டவுடன், “இதில் ஆழ்ந்த தத்துவம் இருக்கின்றது, உங்களுக்கு விளங்காது” என்கின்றார்களே, இது எந்த ஊர் நியாயம்? எலுமிச்சம்பழம் எடுத்தவளுக்காவது ஒரு குழந்தை வேண்டுமென்கிற ஏக்கம் இருந்தது.

அந்த வாழைப்பழம் எங்கிருந்து வந்ததென்பதையும் வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். ஏலக் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழவண்டியில் 35 சென்டு கொடுத்து வாங்கினார்கள். வண்டியில் நின்று விற்றவர், பங்களாதேசத்திலிருந்து பிழைப்புக்காகப் போன ஒரு வயோதிகர். வண்டிகூட அவருடையதல்ல, அவர் கூலிக்கு நிற்கிறவர். தம் கையால் எடுத்துக் கொடுத்த பழம் இன்ன விலைக்குப் போயிற்றென்று ஒரு பத்திரிகைக்காரர் போய்ச் சொன்னபோது அந்த மனிதர் அழுதுவிட்டாராம். அந்த அழுகையில் இருக்கிற அர்த்தம், வாழைப்பழத்தைப் பற்றி அச்சிட்ட வியாக்கியானங்களில் எதிலும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பழத்தைத் தின்ற முதலாளி பிறகு அந்த வண்டியிலிருந்தே ஒரு லட்சம் பழம் வாங்கி இனாமாகக் கொடுக்கப் போவதாக அறிக்கை விட்டார். ஒரு லட்சம் பழத்தைத் தெருவோர வண்டியில் எப்படி வைத்து விற்பது என்பதை அறிக்கை எழுதினவர் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தாலும், அதில் வரும் லாபம் வண்டிக்காரருக்கு அல்லாமல் கூலியாளுக்கு ஏது?

நிற்க, “அவனவன் பணம், அவனவன் இஷ்டம். மனமொப்பி வாங்குகிறவனை நீங்கள் ஏன் தடுக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நாம் தடுக்கவில்லை. விலை எப்படி ஏறுகின்றது என்பதை மாத்திரம் பார்க்கச் சொல்லுகின்றோம்.

நம் கிராமங்களிலும் ஏலம் உண்டு. புளியமரத்தை ஏலம் விடுவார்கள். ஏரி மீனை ஏலம் விடுவார்கள். மரத்தைச் சுற்றி வந்து எத்தனை மூட்டை காய்க்கும் என்று கணக்குப் பார்த்துத்தான் குடியானவன் வாயைத் திறப்பான். பக்கத்தில் நின்று கேட்கிறவன் யார், எந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். எவனாவது பொய்யாள் வைத்து விலையை ஏற்றினால் அன்றைக்கே அங்கே கைகலப்பு வந்துவிடும். நியூயார்க்கிலும் லண்டனிலும் நடக்கிற பெரிய மனிதர் ஏலம் அப்படிப்பட்டதல்ல. அங்கே விற்பவருக்கும் கம்பெனிக்கும் மாத்திரம் தெரிந்த அடிவிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே சரக்கை விடமாட்டார்கள். அது எவ்வளவென்று வாங்க வந்தவருக்குச் சொல்லமாட்டார்கள். கூடத்தில் ஒருவரும் கேட்காமல் இருந்தாலும், ஏலம் போடுகிறவர் எங்கேயோ பார்த்துக் கொண்டு, “பத்து லட்சம், பதினொரு லட்சம்” என்று தாமே ஏற்றிக் கொண்டு போவார். கூரையில் தொங்குகிற சரவிளக்கைத் தவிர அந்தத் திசையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே இதற்குச் “சரவிளக்குக் கேள்வி” என்றே அந்தத் தொழிலில் பெயர். இது திருட்டுத்தனமாகக்கூட நடப்பதில்லை. அடிவிலை வரையில் விற்பவருக்காகத் தாங்களே கேட்டுக் கொள்ளலாம் என்று விற்பனை நிபந்தனையில் பொடி எழுத்தில் அச்சிட்டே வைத்திருக்கிறார்கள்.

இது போதாதென்று “ஜாமீன்” என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஏலம் ஆரம்பிக்கும் முன்பே ஒரு பணக்காரர் கம்பெனியோடு பேசிக் கொண்டு, “வேறு யாரும் கேட்காவிட்டால் இன்ன விலைக்கு நான் எடுத்துக் கொள்ளுகிறேன்” என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அதைவிட அதிகத்துக்குப் போனால் அந்த அதிகத்தில் அவருக்கு ஒரு பங்கு அல்லது வேறு விதமான கூலி உண்டு. அவரே ஏலத்தில் கலந்து கொண்டு கேட்கவும் செய்யலாம். விலை ஏறினால் லாபம் அடைகிறவனே விலை கேட்கிறவனாகவும் இருக்கலாம் என்றால், இதை ஏலம் என்பதா நாடகம் என்பதா? விற்பனைப் புஸ்தகத்தில் ஒரு சின்ன அடையாளக் குறி போட்டுவிட்டால் போதும், எல்லாம் யோக்கியமாகிவிடுகின்றது. சுத்தியல் தட்டியவுடன் விலையின் மேல் கம்பெனிக்கு வாங்குகிறவர் கொடுக்க வேண்டிய தரகு வேறு. 1975ம் வருஷத்தில் லண்டனில் இதை நூற்றுக்குப் பத்தாக ஆரம்பித்தார்கள். வாழைப்பழத்திற்குச் சுத்தியல் தட்டினது 52 லட்சம் டாலருக்கு. மேலே வந்த பத்து லட்சத்துச் சொச்சம் டாலர் கம்பெனியின் தரகு. ஒரு பழத்தைத் தூக்கிக் காட்டினதற்கு!

இக்கம்பெனியார்களுடைய நாணயம் எப்படிப்பட்டதென்பதற்கு நாம் சாட்சி தேட வேண்டியதில்லை. அமெரிக்கக் கோர்ட்டார் தீர்ப்பே இருக்கின்றது. உலகத்தில் இந்தத் தொழிலில் இரண்டு பெரிய கம்பெனிகள் சோத்பீஸும் கிறிஸ்டீஸும். வெளியில் ஜன்மப் பகைவர்கள் போலக் காட்டிக் கொண்ட இவர்கள், 1990க்கு மேற்பட்ட வருஷங்களில் உள்ளுக்குள்ளே கூடிப் பேசி, விற்பவர்களிடம் வாங்கும் தரகை ஒரே மாதிரியாக நிர்ணயம் செய்து கொண்டார்கள். குட்டு வெளிப்பட்டவுடன் கிறிஸ்டீஸ்காரர்கள் முந்திக் கொண்டு அப்ரூவராகித் தப்பித்துக் கொண்டார்கள். சோத்பீஸ் கம்பெனியின் தலைவராயிருந்த ஆல்பிரட் டாப்மன் என்பவர் 2001ம் வருஷம் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டு, மறு வருஷம் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறைத்தண்டனையும் 75 லட்சம் டாலர் அபராதமும் அடைந்தார். ஏமாந்த வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்துக் கொண்டன. இத்தனைக்கும் பிறகு அதே கம்பெனிகள், அதே சுத்தியல்கள், அதே சரவிளக்குகள்.

இனி, இந்த விலையில் கலைஞனுக்கு என்ன கிடைக்கின்றதென்று பார்ப்போம். 1973ம் வருஷம் அக்டோபர் மாதம் 18ந் தேதி நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்பவர் தாம் சேர்த்து வைத்திருந்த புது மாதிரிச் சித்திரங்களை ஏலம் விட்டார். இவர் பல டாக்சி வண்டிகளுக்கு முதலாளி. ராபர்ட் ராஷன்பர்க் என்னும் சித்திரக்காரரிடமிருந்து வந்த ஒரு படத்தை இவர் 1958ம் வருஷத்தில் 900 டாலருக்கு வாங்கியிருந்தார். அது அன்று 85,000 டாலருக்குப் போயிற்று. படம் வரைந்தவருக்கு ஒரு காசு கிடையாது. அவர் நேரிலேயே வந்திருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஏலம் முடிந்ததும் ஸ்கல்லைப் பிடித்துச் சண்டை போட்டார். உள்ளே இந்தச் சண்டையென்றால், வெளியே வாசலில் டாக்சி ஓட்டும் தொழிலாளிகள் அட்டைகளைத் தூக்கிக் கொண்டு நின்றார்கள். எங்கள் உழைப்பைப் பறித்த பணத்தில்தான் இந்தப் படங்கள் வாங்கப்பட்டன என்பது அவர்கள் ஆட்சேபணை. உள்ளே நின்ற படக்காரரும் வெளியே நின்ற வண்டிக்காரரும் சொன்னது ஒரே வழக்குத்தான். என்ன காரணத்தினாலோ, உள்ளே நடந்ததை எழுதுகிற அளவுக்குக் கலைச் சரித்திரக்காரர்கள் வெளியே நடந்ததை எழுதுவதில்லை.

பிரான்சு தேசத்தில் 1920ம் வருஷத்திலேயே, படம் மறுபடி ஏலத்தில் விற்கப்படும்போது கலைஞனுக்கு ஒரு பாகம் உண்டென்று சட்டம் செய்தார்கள். இங்கிலாந்தில் இதற்கு 2006ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதிலும் விலை எத்தனை கோடியானாலும் கலைஞன் பாகம் 12,500 யூரோவுக்கு மேல் போகக்கூடாதென்று அன்று ஒரு கட்டு வைத்தார்கள். அமெரிக்காவிலோ தேசம் முழுமைக்குமான சட்டமே கிடையாது. கலிபோர்னியா மாகாணம் 1976ம் வருஷத்தில் செய்த சட்டத்தையும் கோர்ட்டில் போய் அடித்து, பெரும்பாகம் செல்லாமற் செய்துவிட்டார்கள். அந்தக் கோர்ட்டு வழக்கில் கலைஞர்களுக்கு எதிர்க்கட்சி யாரென்றால் நாம் மேலே சொன்ன இரண்டு ஏலக் கம்பெனிகளே. எனவே வாழைப்பழத்தை ஒட்டின கட்டலானுக்கும்கூட அந்த 62 லட்சத்தில் சட்டப்படி பங்கில்லை. பழம் விற்றவருக்கு 35 சென்டாவது கிடைத்தது.

கலைஞர்களெல்லாரும் ஒன்றுமறியாத அப்பாவிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. 2008ம் வருஷம் செப்டம்பர் 15, 16 தேதிகளில் லண்டனில் டேமியன் ஹர்ஸ்ட் என்பவர், நடுத்தரகர்களை விலக்கிவிட்டுத் தமது சரக்குகளை நேரே ஏலத்திற்குக் கொண்டு வந்தார். மொத்தம் 11 கோடி இங்கிலீஷ் பவுனுக்கு மேல் விற்றது. அதில் முக்கியமான சாமான், மருந்துத் தண்ணீரில் ஊறப் போட்ட ஒரு கன்றுக்குட்டி. அதற்குத் தங்கக் குளம்பு, தங்கக் கொம்பு, தலையில் தங்கத் தட்டு. “பொன் கன்றுக்குட்டி” என்று பெயர். கிறிஸ்தவ வேதத்தில், ஜனங்கள் தங்கள் நகைகளை உருக்கிக் கன்றுக்குட்டி செய்து அதைக் கும்பிட்டதாக ஒரு கதை உண்டு. அந்தப் பெயரையே வைத்து, உங்களை நான் கும்பிடச் செய்கின்றேன் பாருங்கள் என்று சொல்லாமற் சொல்லி, ஒரு கோடி பவுனுக்கு மேல் விற்றுக் கொண்டார். அன்றைய தினமே, அதாவது 15ந் தேதியன்றே, அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் பாங்கி திவாலாகி, உலகமெங்கும் பணப் பஞ்சம் ஆரம்பித்தது. வீடிழந்தவர்களும் வேலையிழந்தவர்களும் எத்தனையோ லட்சம். கன்றுக்குட்டி வாங்கினவர்களுக்கு அன்று மாலை கை நடுங்கவில்லை.

பாங்க்ஸி என்பவர் செய்தது இன்னும் வேடிக்கை. 2018ம் வருஷம் அக்டோபரில் லண்டன் ஏலத்தில் அவருடைய படம் 8 லட்சத்து 60 ஆயிரம் பவுனுக்குச் சுத்தியல் விழுந்தவுடன், சட்டத்துக்குள் ஒளித்து வைத்திருந்த யந்திரத்தால் அப்படம் தானாகவே நழுவிப் பாதி நறுக்கப்பட்டுப் போயிற்று. ஏலக்காரர்களுக்கு நல்ல சவுக்கடி என்று பலர் சந்தோஷப்பட்டார்கள். நடந்ததென்ன? நறுக்கின படத்தையே மூன்று வருஷம் கழித்து அதே கம்பெனி மறுபடியும் ஏலம் போட்டு 1 கோடியே 85 லட்சம் பவுனுக்கு விற்றது. அடித்த செருப்பையும் ஏலம் போட்டுக் காசாக்கத் தெரிந்தவர்களிடம் கேலி பலிக்காது.

இதனால் பொதுஜனங்களுக்கு என்ன நஷ்டம் என்று இன்னமும் சந்தேகப்படுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லுவோம். அமெரிக்க வரிச் சட்டப்படி, ஒரு படத்தை வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து மியூசியத்துக்குத் தர்மமாகக் கொடுத்தால், வாங்கின விலையை அல்ல, கொடுத்த அன்றைய மதிப்பை ஒரு வரம்புக்குட்பட்டு வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். அன்றைய மதிப்பு என்னவென்பதற்குச் சாட்சி யார்? ஏலந்தான். ஏலத்தில் விலை ஏற ஏறத் தர்மப் பிரபுவுக்கு வரி குறைகின்றது. குறைந்த வரியை ஊரார் கொடுக்கின்றார்கள், கல்வெட்டில் பெயர் பிரபுவுக்கு. இரண்டாவது, மியூசியம் என்பது ஏழையும் போய்ப் பார்க்கிற இடம். ஏலத்தில் விலை கோடிக்கணக்கில் போனால் எந்தப் பொது மியூசியம் போட்டி போட முடியும்? 2017ம் வருஷம் நவம்பர் 15ந் தேதி நியூயார்க்கில் கிறிஸ்டீஸ்காரர்கள், லியனார்டோ டா வின்சி வரைந்ததென்று சொல்லும் ஏசுநாதர் படம் ஒன்றை 45 கோடி டாலருக்கு விற்றார்கள். ஐந்நூறு வருஷத்துப் பழைய படத்தைத் தற்காலக் கலை ஏலத்தில் கொண்டு வந்து வைத்தார்கள். ஏனென்றால் காசைக் கண்மூடி வீசுகிற கூட்டம் அங்கேதான் வருகின்றது. 2005ம் வருஷத்தில் அதே படம் பத்தாயிரம் டாலருக்கும் குறைவாகப் போன சரக்கு. டா வின்சி கை அதில் எவ்வளவு என்பதில் நிபுணர்களுக்குள் இன்னமும் ஒற்றுமையில்லை. விற்ற நாளிலிருந்து அது பொதுஜனங்கள் பார்வைக்கு வைக்கப்படவேயில்லை. “உலக ரட்சகர்” என்பது படத்தின் பெயர். ரட்சகரை எங்கே பூட்டி வைத்திருக்கிறார்களோ!

நம் தேசத்துக் காரியத்துக்கு வருவோம். 2025ம் வருஷம் மார்ச்சு மாதம் நியூயார்க்கில் எம்.எப். உசேன் 1954ம் வருஷத்தில் வரைந்த “கிராம் யாத்ரா” என்னும் பெரிய படம் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு, அதாவது நம் பணத்தில் நூறு கோடிக்கு மேலான விலைக்கு, ஏலம் போயிற்று. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் டெல்லிக்கு வந்திருந்த ஒரு டாக்டர் வாங்கி, நார்வே தேசத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்த படம் அது. விற்ற பணம் டாக்டர்கள் பயிற்சிக்குப் போகிறதென்று சொல்லியிருக்கிறார்கள். அது நல்ல காரியம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்தியப் பத்திரிகைகள் “இந்தியக் கலைக்கு மகத்தான வெற்றி” என்று கொண்டாடினதைப் பார்த்தபோது நமக்கு ஆத்திரம் வந்தது. தெய்வங்களை ஆடையில்லாமல் வரைந்தார் என்பதற்காக இந்த உசேன் மேல் ஊரூராக வழக்குப் போட்டார்கள், மிரட்டினார்கள், படங்களை உடைத்தார்கள். 2006ம் வருஷத்தில் தொண்ணூறு வயதில் அவர் நாட்டைவிட்டுப் போனார். 2010ல் கத்தார் தேசத்துப் பிரஜையானார். 2011ல் லண்டனில் இறந்தார். மனிதனுக்குக் குடியிருக்க இடங்கொடாத தேசம் அவன் படத்தின் விலையில் மாத்திரம் பெருமை கொள்ளுகின்றதென்றால் அந்தப் பெருமை கலைக்கா, டாலருக்கா?

நம் சட்டப் புஸ்தகத்தில் காப்பிரைட் சட்டத்தின் 53-ஏ பிரிவு என்று ஒன்று 1994ம் வருஷத்தில் சேர்க்கப்பட்டது. சித்திரம், சிற்பம் முதலியவை 10,000 ரூபாய்க்கு மேல் மறு விற்பனையானால் கலைஞனுக்கோ அவன் வார்சுகளுக்கோ ஒரு பங்கு உண்டென்றும், அது நூற்றுக்குப் பத்துக்கு மேற்படக்கூடாதென்றும் அதில் கண்டிருக்கின்றது. ஆனால் எவ்வளவு பங்கு என்று சட்டமே சொல்லிவிடவில்லை. அதை நிர்ணயிக்கும் வேலையை முதலில் ஒரு போர்டுக்கு விட்டார்கள், 2021க்குப் பிறகு வியாபாரக் கோர்ட்டுக்கு விட்டிருக்கின்றார்கள். அதாவது, பங்கு வேண்டுமென்கின்ற சித்திரக்காரன் வக்கீலைப் பிடித்து, கோர்ட்டு ஏறி, கோடீஸ்வரனோடு வழக்காட வேண்டும். மும்பாயிலும் டெல்லியிலும் இன்று இந்திய ஏலக் கம்பெனிகளே ஒரு இரவில் எத்தனையோ கோடிக்கு விற்கின்றன. விற்ற ஒவ்வொரு படத்திற்கும் அடிவிலை என்ன, ஜாமீன் கொடுத்தவர் யார், உண்மையாய்க் கேட்டவர்கள் எத்தனை பேர், உயிரோடிருக்கிற கலைஞனுக்கு அனுப்பின தொகை எவ்வளவு என்பதை, ஏலம் முடிந்த ஒரு வாரத்திற்குள் கணக்காக அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருக்கின்ற நமது பிரதிநிதிகள் கேட்கட்டும். பங்கை நூற்றுக்கு இவ்வளவு என்று பிரிவிலேயே எழுதி, கம்பெனி தானாகவே பிடித்து அனுப்பும்படி செய்யட்டும். அந்தக் கணக்கு வெளிவந்த பிறகு, “சாதனை விலை” என்று பத்திரிகைகள் போடுகின்ற கொட்டை எழுத்தைப் படித்துக் கொள்ளலாம்.